நிற்க இடமில்லாதவர்களின் நோய்: பிரிட்டனின் ஜிப்சி, டிராவலர் மக்களும் வீட்டுவசதிக் கொள்கையும்

இங்கிலாந்தில் பழைய வழக்கங்களை விடாத ரோமானி ஜிப்சிக் குடும்பம் ஒன்றின் டிரெய்லருக்குள் (வண்டியால் இழுத்துச் செல்லும் வீடு, கேரவன் என்றும் சொல்வார்கள்) நுழைந்தால் முதலில் இரண்டு கிண்ணங்கள் கண்ணில் படும். சாப்பாட்டுப் பாத்திரம் கழுவ ஒன்று; கை கழுவ, துணி அலச இன்னொன்று. ஒன்றின் வேலைக்கு மற்றதைத் தொடக் கூடாது. யாராவது மறதியாகப் பாத்திரக் கிண்ணத்தில் கையைக் கழுவிவிட்டால், அதைத் தேய்த்துக் கழுவி மறுபடி புழங்குவதில்லை, தூக்கி எறிந்துவிடுவார்கள். 'மொக்காடி' என்பது இதற்கு அவர்களுடைய சொல். கண்ணுக்கு அழுக்காகத் தெரிவது வேறு, மொக்காடி ஆகிவிடுவது வேறு. எச்சில் பார்க்கும் வீடுகளில் வளர்ந்த தமிழ் வாசகருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. சமைத்து உண்டு உறங்குகிற கூரைக்குக் கீழே கழிப்பறை இருப்பதும் மொக்காடிதான். அதனால் டிரெய்லரிலேயே கழிப்பறை வைத்து விற்றாலும் பலர் அதைப் பயன்படுத்துவதில்லை.

இவ்வளவு கண்டிப்பான சுத்தத்துக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். தண்ணீருக்குக் குழாய் வேண்டும். குழாய்க்கு, வண்டியை நிறுத்திவைக்க அனுமதியுள்ள ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைக் கொடுப்பதா, எங்கே கொடுப்பது, எத்தனை நாளைக்குக் கொடுப்பது என்பதை முடிவுசெய்வது பிரிட்டனின் வீட்டுவசதிச் சட்டமும் நிலத் திட்டச் சட்டமும். இந்த மக்களின் உடல்நலம் பற்றிய பேச்சு பெரும்பாலும் மருத்துவமனையிலிருந்தே தொடங்குகிறது. அதை நிலத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் இவர்கள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் பத்திரிகைகளில் 'ஜிப்சி' என்ற சொல் நரிக்குறவர்களுக்கும் ஊர் ஊராகச் சுற்றுபவர்களுக்கும் பொதுப்பெயராகப் புழங்குகிறது. பிரிட்டனில் அது ஒரு குறிப்பிட்ட இனத்தின் பெயர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து மேற்கே போனவர்களின் வழிவந்த ரோமானி மக்கள், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் இருந்ததற்குப் பதிவுகள் உண்டு. எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று தவறாக நினைத்து வைத்த பெயரே மருவி ஜிப்சி ஆயிற்று. அவர்களை வெளியேற்ற 1530இல் ஒரு சட்டம் வந்தது. 1554இல் வந்த சட்டம், நாட்டில் தங்கினால் மரண தண்டனை என்றது. ஐரிஷ் டிராவலர்கள் வேறு மக்கள். அயர்லாந்திலேயே தோன்றி, தங்களுக்கென்று மொழியும் உறவுமுறை வழக்கங்களும் கொண்டவர்கள். பிரிட்டன் நீதிமன்றங்கள் ரோமானி ஜிப்சிகளை 1988இலும் ஐரிஷ் டிராவலர்களை 2000இலும் தனி இனங்களாக ஏற்றன.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதன்முதலாக இவர்களுக்கு ஒரு கட்டம் கிடைத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 58,000 பேர் அதில் குறியிட்டார்கள். 2021இல் அது சுமார் 70,000 ஆயிற்று. உண்மையான தொகை இதைவிட அதிகம் என்று சமூக அமைப்புகள் சொல்கின்றன. அடையாளத்தைச் சொன்னால் வேலையும் வாடகை வீடும் கைநழுவும் என்று அஞ்சி மறைப்பவர்கள் நிறைய. 2011 கணக்கெடுப்பில் தம் உடல்நிலை நன்றாக இருப்பதாகச் சொன்னவர்கள் 70 சதவீதம்; நாட்டின் மொத்த அளவு 81 சதவீதம். எல்லா இனக் குழுக்களிலும் இதுவே கடைசி. அதிலும் இது வயது குறைந்த சமூகம். இளைஞர்கள் மிகுந்த கூட்டத்தில் இந்த எண் மேலே நிற்க வேண்டும், கீழே போய்விட்டது.

இங்கிலாந்தின் சுகாதாரத் துறைக்காக ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் இந்தப் பொருளில் அடித்தளமாக நிற்கிறது. தங்கள் பிள்ளைகளில் ஒன்றையேனும் சாகக் கொடுத்த தாய்மார் ஜிப்சி, டிராவலர் பெண்களில் 17.6 சதவீதம், ஒப்பிட்ட மற்றப் பெண்களில் 0.9 சதவீதம். அன்றாட வாழ்வை முடக்கும் நீண்டகால நோயுள்ளவர்கள் இவர்களில் 39 சதவீதம், மற்றவர்களில் 29. கருச்சிதைவு கண்டவர்கள் இவர்களில் 29 சதவீதம், மற்றவர்களில் 16. இதில் கவனிக்க வேண்டியது, ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டவர்கள் வசதி படைத்தவர்கள் இல்லை. அதே வயதுடைய, பலரும் ஏழைப் பகுதிகளில் வசிக்கிற வெள்ளையர், பாகிஸ்தானியர், கரீபியக் கறுப்பினத்தவர் ஆகியோருடன் வைத்துப் பார்த்தும் இடைவெளி மறையவில்லை. ஆகவே 'ஏழ்மைதான் காரணம்' என்று சொல்லிக் கணக்கை முடித்துவிட முடியாது.

அயர்லாந்தில் 2010இல் வந்த டிராவலர் சுகாதார ஆய்வு இன்னும் அழுத்தமானது. டிராவலர் ஆண்களின் சராசரி ஆயுள் 61.7 ஆண்டுகள், நாட்டின் மற்ற ஆண்களைவிட 15 ஆண்டுகள் குறைவு. பெண்களுக்கு 70.1, அது 11.5 ஆண்டுகள் குறைவு. ஆயிரம் பிறப்புக்கு 14.1 சிசு மரணங்கள். பொது மக்களிடையே 3.9. டிராவலர் ஆண்களின் தற்கொலை விகிதம் மற்ற ஆண்களைப் போல 6.6 மடங்கு.

இனி, ஷெஃபீல்ட் ஆய்வில் பலர் தாண்டிப் போய்விடும் ஒரு செய்திக்கு வருகிறேன். 'பாவம், வண்டியிலேயே கிடக்கிறார்கள், குளிரிலும் மழையிலும் அலைகிறார்கள், அதனால் நோய். வீடு கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்' என்பதுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களின் முதல் எண்ணம். நல்ல மனம் படைத்தவர்களின் எண்ணமும் இதுவே. ஆய்வு வேறொன்றைக் கண்டது. செங்கல் வீட்டில் வசிப்பவர்களிடமே நீண்டகால நோயும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. பயணமே போகாதவர்கள், அரிதாகப் போகிறவர்கள் ஆகியோரின் உடல்நிலைதான் மிக மோசம்.

இதை அப்படியே எடுத்துக்கொண்டு 'வீடு நோய் தரும்' என்று முழங்கிவிடக் கூடாது. நோய் வந்த பிறகு, மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றோ, முதுமையில் சாலையோர வாழ்க்கை தாங்காது என்றோ வீட்டுக்குள் போனவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். எது முன், எது பின் என்பதை ஒரே நேரத்தில் எடுத்த கணக்கு பிரித்துச் சொல்லாது. ஆனால் ஆய்வாளர்கள் எண்களோடு நிற்கவில்லை. உட்கார்ந்து பேசிக் கேட்டார்கள். உடல்நலம் பற்றிக் கேட்டபோது, பதில் சொன்ன ஒவ்வொருவரும் குடியிருப்பைப் பற்றிப் பேசினார்கள். விரும்பிப் போனவர்களுக்கும் வேறு வழியின்றிப் போனவர்களுக்கும் வீடு ஒன்றாக இருக்கவில்லை.

வேறு வழியின்றி என்று ஏன் சொல்கிறேன் என்பதற்குச் சட்டத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஆங்கிலேயக் கிராமப்புறத்தில் 'காமன்' எனப்படும் பொதுநிலங்கள் உண்டு, நம்மூர் மேய்ச்சல் புறம்போக்குபோல. ஆப்பிள் பறிப்பு, ஹாப்ஸ் கொடி அறுவடை, குதிரைச் சந்தை என்று பருவத்துக்குப் பருவம் நகர்ந்த குடும்பங்கள் நூற்றாண்டுகளாக அங்கேதான் வண்டியை அவிழ்த்தன. தங்குமிடத்துக்கு ரோமானி மொழியில் 'அச்சின் டான்' என்று பெயர். 1960ஆம் ஆண்டின் கேரவன் தளச் சட்டம் இந்த இடங்களின் கதவைச் சாத்தியது. உரிமம் இல்லாத நிலத்தில் கேரவன் நிற்கக் கூடாது. பொதுநிலங்களில் நிற்பதைக் கவுன்சில்கள், அதாவது உள்ளாட்சி மன்றங்கள், தடைசெய்யலாம். வண்டிகள் குறையவில்லை, நிற்கும் இடங்கள்தான் குறைந்தன. அந்தப் பத்தாண்டு முழுவதும் நள்ளிரவிலும் விடியலிலும் டிரெய்லர்களை டிராக்டர் கட்டி இழுத்துப்போகும் காட்சிகள் நடந்தன.

அதற்குப் பரிகாரமாக வந்தது 1968ஆம் ஆண்டின் கேரவன் தளங்கள் சட்டம். லிபரல் கட்சியின் எரிக் லபக் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தது. கவுன்டி (மாவட்டம் போன்றது) கவுன்சில்களும் லண்டன் பரோக்களும் (நகரின் உள்ளாட்சிப் பகுதிகள்) தத்தம் பகுதியில் இருக்கிற, வந்துபோகிற ஜிப்சிகளுக்குத் தளம் அமைத்துத்தர வேண்டும் என்று அது கடமையாக்கியது. 1970 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் கூடவே ஒரு கொக்கியும் வைத்தது. லண்டன் பரோ ஒன்று 15 கேரவன்களுக்கு இடம் கொடுத்தால் போதும். கொடுத்து முடித்த பகுதியைச் சிறப்புப் பகுதியாக அறிவிக்கச் செய்துகொண்டால், மீதிக் குடும்பங்களை அங்கிருந்து விரட்ட அதற்குக் கூடுதல் அதிகாரம் கிடைக்கும். 16ஆவது வண்டியில் வந்த குடும்பத்துக்கு அந்த ஊரே மூடிவிட்டது. காலக்கெடுவும் இல்லை, தண்டனையும் இல்லை. 1980இல் தளம் கட்டும் செலவு முழுவதையும் மத்திய அரசு ஏற்ற பிறகுதான் வேலை ஓரளவு வேகம் பிடித்தது. இருந்தாலும் கால் நூற்றாண்டில் 300க்கும் மேற்பட்ட தளங்கள் எழுந்தன. குறையுள்ள சட்டம்தான், அது தந்த குழாயும் மின்சாரமும் பள்ளிக்கூட முகவரியும் ஒரு தலைமுறைக்குக் கிடைத்தன என்பதை மறுப்பதற்கில்லை.

1994இல் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம் அந்தக் கடமையையே நீக்கியது. விரட்டும் அதிகாரங்களை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டியது. 'நீங்களே நிலம் வாங்கி, நீங்களே அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்' என்பது அரசின் அறிவுரை. பலர் அப்படியே செய்தார்கள். விளைநிலத்தையும், நகரைச் சுற்றிக் கட்டடம் எழும்பாமல் காக்கும் பசுமை வளைய நிலத்தையும் வாங்கினார்கள், ஏனென்றால் அவர்களால் வாங்க முடிந்த விலையில் அதுதான் இருந்தது. அங்கே திட்ட அனுமதி கிடைக்கவில்லை. எஸ்ஸெக்ஸில் உள்ள டேல் ஃபார்ம் இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம். பழைய இரும்புக்கடை இருந்த பசுமை வளைய நிலத்தில் டிராவலர் குடும்பங்கள் தாங்களே வாங்கிக் குடியேறினார்கள். பத்தாண்டு வழக்குக்குப் பின் 2011 அக்டோபரில் சுமார் 80 குடும்பங்களைக் கவுன்சில் காவல்துறையின் துணையோடு வெளியேற்றியது. அதில் பலர் எங்கே போனார்கள் தெரியுமா? பக்கத்துச் சந்தின் ஓரத்தில் டிரெய்லர்களை நிறுத்திக்கொண்டு, ஒழுங்கான கழிப்பறை வசதியில்லாமல் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். கோடிக்கணக்கில் செலவிட்டு, குழாய் உள்ள இடத்திலிருந்து குழாய் இல்லாத இடத்துக்கு மக்களை மாற்றியதுதான் நடந்தது.

ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2001இல் சாப்மன் வழக்கில், ஜிப்சி வாழ்முறைக்கு இடமளிக்க அரசுக்குக் கடமை உண்டு என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் சொந்த நிலத்தில் வசிக்க அனுமதி கேட்ட பெண்ணுக்கு எதிராக 17 நீதிபதிகளில் 10 பேரின் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. 2004இல் கானர்ஸ் வழக்கில் நிலை மாறியது. லீட்ஸ் நகரின் கவுன்சில் தளத்திலிருந்து காரணம் நிரூபிக்காமலே ஒரு குடும்பத்தை வெளியேற்றியது உரிமை மீறல் என்றது. சாதாரணக் கவுன்சில் வாடகை வீட்டில் இருப்பவருக்குள்ள பாதுகாப்பு, கவுன்சில் தளத்தில் இருப்பவருக்கு அதுவரை இருக்கவில்லை. இங்கிலாந்தில் சட்டம் திருத்தப்பட்டு அந்தப் பாதுகாப்பு கிடைத்தது 2011இல்.

அடுத்த அடி 2015இல் விழுந்தது. திட்டக் கொள்கையில் 'டிராவலர்' என்பதற்கான விளக்கத்தை அரசு மாற்றியது. நிரந்தரமாகப் பயணத்தை நிறுத்திவிட்டவர் இனித் திட்டக் கொள்கையின் பார்வையில் டிராவலர் இல்லை. யார் பயணத்தை நிறுத்துவார்கள்? மூட்டு தேய்ந்த முதியவர், ஊனமுற்ற பிள்ளையை வைத்திருக்கும் தாய், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டியவர். நோய்வாய்ப்பட்டதாலேயே தளத்துக்கான தகுதியை இழக்கும்படி ஒரு விதி. 2022 அக்டோபரில் லிசா ஸ்மித் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. 2023 டிசம்பரில் பழைய விளக்கம் திரும்பி வந்தது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் கவுன்சில்கள் தத்தம் பகுதிக்கு எத்தனை பிட்ச் (தளத்தில் ஒரு குடும்பத்துக்கான இடம்) தேவை என்று போட்ட கணக்குகள் பலவற்றிலிருந்து இந்த மக்கள் விடுபட்டுப்போயிருந்தார்கள்.

தளம் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேற்கு லண்டனில் வெஸ்ட்வே என்ற உயர்த்திய நெடுஞ்சாலை 1970இல் திறக்கப்பட்டது. அது சுழன்று இன்னொரு சாலையோடு சேரும் இடத்தில், தூண்களை ஒட்டி ஒரு டிராவலர் தளம் இருக்கிறது. தலைக்கு மேல் இரவும் பகலும் லாரிகள். கார்டிஃபில் ரோவர் வே தளம் எஃகு ஆலைக்கு அருகே, அரித்துக்கொண்டு வரும் கடற்கரையை ஒட்டி இருக்கிறது. கழிவுநீர் நிலையம், குப்பைக்கிடங்கு, ரயில்பாதை, தொழிற்பேட்டை என்று நாடெங்கும் தளங்களின் அண்டை வீடுகள் இவைதான். யாரோ வேண்டுமென்றே நஞ்சை ஊட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல இடம் ஒன்றைக் கவுன்சில் முன்மொழியும்; ஆயிரம் ஆட்சேபக் கடிதங்கள் வரும்; தேர்தல் வரும்; கடைசியில் வேறு எவரும் கேட்காத நிலம் மிஞ்சும். குடியிருப்புக்கு ஆகாது என்று வீடு கட்ட மறுத்த நிலத்தில் குழந்தைகளின் கேரவனை வைக்கச் சட்டம் தடை சொல்லவில்லை. பிறகு அந்தக் குழந்தைகளுக்கு இளைப்பு என்றால், அது அவர்களின் 'வாழ்க்கைமுறை'யில் சேர்க்கப்படுகிறது.

இவ்வளவுக்கும் தேவைப்படுவது எவ்வளவு நிலம்? இங்கிலாந்தில் ஆண்டுக்கு இருமுறை கேரவன் கணக்கெடுப்பு நடக்கிறது. அண்மை ஆண்டுகளின் எண்ணிக்கை 25,000ஐ ஒட்டி நிற்கிறது. அதில் பெரும்பகுதிக்கு ஏற்கெனவே அனுமதி உண்டு. அனுமதியில்லாமல் நிற்பவர்கள் அனைவருக்கும் இடம் தர ஒரு சதுர மைலுக்கும் குறைவான நிலம் போதும் என்று சமத்துவ மற்றும் மனித உரிமை ஆணையம் 2009இல் சொன்னது. ஒரு நாடு முழுவதிலுமாக ஒரு சதுர மைல். இந்தச் சண்டை நிலப் பற்றாக்குறையால் வந்தது என்று இதற்குப் பிறகும் யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

தளத்தில் இடம் கிடைக்காதபோது திருமணமான மகனும் மருமகளும் பெற்றோரின் பிட்சிலேயே இன்னொரு டிரெய்லரை நிறுத்துகிறார்கள். ஒரு குடும்பத்துக்கென்று போட்ட ஒரு கான்கிரீட் தரை, ஒரு கழிப்பறை, ஒரு குழாய். அதில் இரண்டு, மூன்று குடும்பங்கள். கேரவனுக்கும் கேரவனுக்கும் நடுவில் 6 மீட்டர் விட வேண்டும் என்பது இங்கிலாந்தின் மாதிரித் தீ விதி. நெருக்கத்தில் முதலில் காணாமல் போவது அந்த ஆறு மீட்டர்தான். குளிருக்கு எரிவாயு உருளை, மின்சாரத்துக்கு முன்பணம் கட்டும் மீட்டர். 2022-23 குளிர்காலத்தில் மின்கட்டணம் ஏறியபோது, அரசு தந்த 400 பவுண்ட் உதவி மின்நிறுவனக் கணக்கு வழியாக அக்டோபரிலேயே மற்ற வீடுகளுக்குப் போனது. தனிக் கணக்கில்லாத தளவாசிகள் மாற்று விண்ணப்ப வழி திறக்கும்வரை பிப்ரவரி இறுதி வரைக்கும் காத்திருந்தார்கள். குளிர்காலம் அதற்குள் முக்கால்வாசி முடிந்திருந்தது.

இதுவரை சொன்னது இடம் உள்ளவர்களின் நிலை. சாலையோரத்தில் இருப்பவரின் நோய்க்கு வேறொரு கணக்கு. ஏழுமாதக் கர்ப்பிணி ஒருத்தியை எண்ணிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை ஸ்கேன் செய்து, சந்தேகம் இருக்கிறது, அடுத்த வாரம் நிபுணரைப் பார்க்க வேண்டும், கடிதம் அனுப்புகிறோம் என்கிறார்கள். எந்த முகவரிக்கு? புதன்கிழமை காவலர் வந்து நிலத்தைக் காலிசெய்யச் சொல்கிறார். வண்டி முப்பது மைல் நகர்கிறது. புதிய ஊரில் குடும்ப மருத்துவரிடம் பதிவுசெய்யப் போனால் வரவேற்பு மேசையில் முகவரிச் சான்று கேட்கிறார்கள். தேசிய சுகாதார சேவையின் விதிப்படி பதிவுக்கு முகவரிச் சான்று கட்டாயமில்லை. அந்த விதி மேசைக்கு எட்டுவதில்லை. கடைசியில் எல்லாம் முற்றிப்போன பிறகு அவசரப் பிரிவுக்குப் போகிறார்கள். 'இவர்கள் எப்போதும் தாமதமாகத்தான் வருவார்கள்' என்று அங்கே குறித்துக்கொள்கிறார்கள். குழந்தையின் இரண்டாவது தடுப்பூசி, சர்க்கரை நோயாளியின் கால் பரிசோதனை, புற்றுநோய்ப் பரிசோதனைக் கடிதம் எல்லாம் இதே வழியில் தவறிப்போகின்றன.

2022 ஜூன் 28 முதல் இந்தக் காலிசெய்யச் சொல்லும் அதிகாரத்துக்குப் புதிய பல் முளைத்தது. காவல், குற்றம், தண்டனை, நீதிமன்றங்கள் சட்டத்தின்படி, அனுமதியின்றி வாகனத்தோடு ஓர் இடத்தில் தங்கி, கணிசமான சேதமோ இடையூறோ மனவேதனையோ ஏற்படுத்துவதாகக் கருதப்பட்டு, போகச் சொன்ன பிறகும் போகாமல் இருப்பது குற்றம். மூன்று மாதச் சிறை, 2,500 பவுண்ட் வரை அபராதம், வாகனப் பறிமுதல். அந்த வாகனம்தான் வீடு. அதற்குள்ளேதான் குழந்தையின் தொட்டிலும் தாத்தாவின் இதய மாத்திரையும் இருக்கின்றன. ஒருமுறை வெளியேறினால் அதே நிலத்துக்கு 12 மாதம் திரும்பக் கூடாது என்றும் சட்டம் சொன்னது. முன்பு அது மூன்று மாதம். இந்த நீட்டிப்பு ஜிப்சி, டிராவலர் மக்களுக்கு எதிரான நியாயமற்ற பாகுபாடு, மனித உரிமைக்கு ஒவ்வாதது என்று உயர் நீதிமன்றம் 2024 மே மாதம் அறிவித்தது. வழிநடுவில் தங்கிச்செல்லும் இடங்கள் போதாமல் இருப்பதும் அந்தத் தீர்ப்பில் எடைபோடப்பட்டது.

இதோடு வீட்டிலிகள் சட்டத்தைச் சேர்த்துப் படித்தால்தான் பொறி முழுதாகத் தெரியும். 1996ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டப்படி, நகரும் வீடு வைத்திருந்தும் அதை நிறுத்தி வாழ உரிமையுள்ள இடம் இல்லாதவர் வீட்டிலி. ஆகவே கவுன்சில் அவருக்குத் தங்குமிடம் தேடித்தர வேண்டிய நிலை வரும். தளம்தான் இல்லையே; எனவே தருவது விடுதி அறை அல்லது ஒரு ஃபிளாட். பிட்ச் கிடைக்காதபோது கவுன்சில் செங்கல் கட்டடத்தைக் கொடுப்பது சட்டப்படி செல்லும் என்று 2004இல் கொடோனா வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுத்தால் சாலை. ஏற்றால் நான்காவது மாடி.

அந்த நான்காவது மாடியில் என்ன நடக்கிறது? இருபது பேர் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கும்படி வாழ்ந்த பெண், கதவைச் சாத்தினால் மயான அமைதி. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அக்கா பக்கத்தில் இல்லை. சமையலறையை ஒட்டியே கழிப்பறை. சன்னலுக்கு வெளியே முற்றம் இல்லை, புகை போடும் நெருப்பு இல்லை. அண்டை வீட்டார் யார் வந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டால் வசவும் கல்லும். பார்க்க வரும் உறவினர்கள் டிரெய்லரைத் தெருவில் நிறுத்தினால் புகார். ஒரு காலத்தில் வீட்டில் சாவு விழுந்தால் இறந்தவரின் வண்டியை எரித்துவிட்டு அந்த இடத்தை விட்டே போய்விடுவது ரோமானி வழக்கம். துக்கத்தைக் கடக்க அவர்கள் அறிந்த வழி, நகர்வது. கவுன்சில் ஃபிளாட்டில் தகப்பன் இறந்து, அந்தச் சுவர்களுக்குள் இருக்க முடியாமல் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போனால், 'வேண்டுமென்றே வீட்டை இழந்தவர்' என்று கவுன்சில் தீர்மானிக்கக்கூடும். அடுத்த முறை உதவி கேட்கும்போது அது எதிரே வந்து நிற்கும். 2011 கணக்கெடுப்பில் இந்த மக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வீடுகளிலும் ஃபிளாட்களிலும் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் விரும்பிப் போனார்கள் என்பதற்கு எந்தக் கட்டமும் அந்தப் படிவத்தில் இல்லை. விரும்பிப் போனவர்களும் இருக்கிறார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் திரும்பிப் போகச் சொல்லவில்லை.

சுகாதாரத் துறைக்கு இதெல்லாம் தெரியாதா என்று கேட்கலாம். தெரிந்துகொள்ளும் கருவியே அதனிடம் குறைபட்டிருக்கிறது. தேசிய சுகாதார சேவையின் பொதுத் தரவுப் பட்டியலில் இனத்தைக் குறிக்கும் குறியீடுகள் 2001 கணக்கெடுப்பின் அடிப்படையில் உருவானவை. அப்போது இவர்களுக்குக் கட்டமே இல்லை. கொரோனா காலத்தில் ஒவ்வொரு இனத்திலும் எத்தனை பேர் இறந்தார்கள் என்று நாடு எண்ணிக்கொண்டிருந்தபோது இவர்களின் சாவுகள் பெயரில்லாத பத்தியில் கரைந்தன. நாடாளுமன்றத்தின் பெண்கள் மற்றும் சமத்துவக் குழு 2019இல் ஒரு விரிவான அறிக்கையே வெளியிட்டு, மத்திய அரசும் உள்ளாட்சிகளும் தொடர்ந்து தவறிவிட்டதை எடுத்துச் சொன்னது.

அயர்லாந்தின் கதை சற்று வேறு, முடிவு ஒன்றுதான். அங்கே 1998ஆம் ஆண்டின் சட்டம் உள்ளாட்சிகள் ஒவ்வொன்றும் டிராவலர் குடியிருப்புத் திட்டம் போட வேண்டும் என்கிறது. போடாவிட்டால் தண்டனை இல்லை. ஒதுக்கிய பணம் பல ஆண்டுகள் செலவாகாமலே கிடந்தது. தெற்கு டப்ளினில் கேரிக்மைன்ஸ் என்ற இடத்தில், தற்காலிகம் என்று திறந்து ஆண்டுக்கணக்கில் நீடித்த தளம் ஒன்று இருந்தது. 2015 அக்டோபர் 10 விடியற்காலையில் அங்கே பிடித்த தீயில் பத்துப் பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். பிழைத்தவர்களுக்கு அருகில் மாற்று இடம் தயாரிக்க முயன்றபோது, சுற்றியிருந்த குடியிருப்பாளர்கள் வழியை மறித்து வேலையை நிறுத்தினார்கள். சவ அடக்கம்கூட அப்போது நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் நாட்டிலுள்ள டிராவலர் தளங்கள் அனைத்திலும் தீப் பாதுகாப்பை ஆராய அரசு உத்தரவிட்டது.

இதற்கு வழியே இல்லையா என்றால், அண்டையிலேயே இருக்கிறது. வேல்ஸ் 2014இல் நிறைவேற்றிய வீட்டுவசதிச் சட்டம், இங்கிலாந்து 1994இல் கைவிட்ட கடமையை மீண்டும் கொண்டுவந்தது. தேவை எவ்வளவு என்று கவுன்சில் கணக்கெடுக்க வேண்டும். தேவை இருப்பதாகத் தெரிந்தால் தளம் அமைக்க வேண்டும். அங்கும் வேலை மெதுவாகத்தான் நடக்கிறது, ரோவர் வே இன்னும் ரோவர் வேதான். ஆனால் கேட்பதற்குச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது.

இன்னொன்று லீட்ஸ் நகரில் சுமார் 2010 முதல் உருவானது. அங்குள்ள ஜிப்சி, டிராவலர் அமைப்பும் நகரக் கவுன்சிலும் சேர்ந்து 'பேசித் தங்குதல்' என்று ஒரு முறையை வகுத்தார்கள். ஒரு குடும்பக்கூட்டம் ஊருக்கு வந்தால் உடனே நீதிமன்றம் போவதில்லை. ஓர் அதிகாரி போய்ப் பேசுகிறார். இந்த நிலம் ஆபத்தென்றால் வேறு நிலத்தைக் காட்டுகிறார். எத்தனை நாள், எத்தனை வண்டி, குப்பையை எங்கே போடுவது, நெருப்பை எங்கே மூட்டுவது என்று இரு தரப்பும் ஒத்துக்கொள்கிறார்கள். கவுன்சில் தற்காலிகக் கழிப்பறைகளும் குப்பைத்தொட்டியும் தண்ணீரும் தருகிறது. விரட்டுவதற்கும் பின்னால் துப்புரவு செய்வதற்கும் ஆகும் செலவைவிட இது மலிவாக முடிந்தது என்று கவுன்சிலே கண்டது.

மருத்துவக் கண்ணோடு பார்த்தால், அந்த ஒப்பந்தத்தில் இருக்கும் மிக முக்கியமான சொல் தேதி. இத்தனாம் தேதி வரை இவர்கள் இங்கேதான் இருப்பார்கள். அது தெரிந்தால் ஊர்ச் செவிலியர் தடுப்பூசிப் பெட்டியோடு வரலாம். ஸ்கேன் முடிவுக்கு ஒரு முகவரி இருக்கும். அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொல்லிவிட்டுப் போனால், அடுத்த செவ்வாய்க்கிழமையும் அந்த டிரெய்லர் அங்கேயே நின்றுகொண்டிருக்கும்.